பெட்டியைத் திறக்காத ஆள்

ஈ கட்டி மீன் பிடிக்கும் போட்டியின் மூன்று மணி நேரச் சுற்றில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். நம் ஆள் அன்று கரையோரம் ஒரு முழங்காலை ஊன்றி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே டிரவுட் மீன் ஒன்று விடாமல் மேலே வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் தூண்டிலில் கட்டிய செயற்கை ஈயை இரண்டு முறை கிட்ட வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிய அதே மீன். வர்ணனையாளர் பொறுமையிழந்து, “ஈயை மாற்றப்பா!” என்று கத்தியே விட்டார். அவர் மாற்றவில்லை. எழுந்து, நாலடி கீழே இறங்கி, அதே ஈயை வீசினார்.

பிடிவாதம், சோம்பல், ஈ கட்டத் தெரியாத குறை என்று ஆளுக்கொரு பெயர் வைத்தாயிற்று. இந்தப் பருவத்தில் நான் பார்த்ததிலேயே கெட்டிக்காரத்தனமான முடிவு அதுதான். (ஆம், நான் அவர் கட்சி. மறைக்கப் போவதில்லை.)

மீன் மறுத்தால் ஈப்பெட்டியைத் திற, வேறு ஈயை மாட்டு என்பது பழைய வியாதி. 1889-இல் ஹால்ஃபோர்டு என்பவர் உலர் ஈயை, அதாவது நீர்மேல் மிதக்கும் ஈயைப் பற்றி எழுதிய புத்தகம், மிதக்கும் பூச்சியை அச்சு அசலாக நகலெடுப்பதை வேதமாக்கியது. 1910-இல் ஸ்கியூஸ் என்பவர், நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியைத் தின்னும் மீனுக்கு இளம்பூச்சியைத்தானே காட்ட வேண்டும் என்று எழுதினார். 1938-இல் லண்டனில் ஒரு விவாதம் வைத்து, தள்ளாத வயதில் ஸ்கியூஸைப் பதில் சொல்ல நிறுத்தினார்கள். இன்றைய போட்டிகளைப் பார்த்தால் யார் ஜெயித்தார் என்று தெரியும். ஆனாலும் ஹால்ஃபோர்டின் ஆவி வர்ணனைப் பெட்டியை விட்டு இறங்குவதாக இல்லை.

நம் ஆள் பார்ப்பது மீனின் பக்கத்திலிருந்து. பள்ளிக்கூடத்தில் படித்த ஒளிவிலகல்தான். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டச் சன்னலுக்கு வெளியே நீர்மட்டம் வெறும் கண்ணாடி. ஆற்றின் அடிப்பகுதிதான் அதில் தெரியும். சன்னலின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மீனுக்கு இரண்டேகால் மீட்டர். 30 சென்டிமீட்டரில் நின்று இரை பொறுக்கும் மீனுக்கு 70 சென்டிமீட்டர்கூட இல்லை. மேலே வந்து தின்னும் மீனுக்குப் பார்வை குறுகுகிறது. நாம் கிட்டப் போகலாம், ஆனால் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி விழுந்த ஈ அதற்கு விழாத மாதிரிதான்.

அந்த முழங்கால் கணக்கும் இதில்தான் வருகிறது. நீர்மட்டத்துக்கு மேல் 10 டிகிரிக்குக் கீழே இருப்பதெல்லாம் சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். 6 மீட்டர் தள்ளி இருப்பவர் 1 மீட்டர் உயரத்துக்குள் உடம்பை அடக்கினால் மீனுக்கு அவர் கிட்டத்தட்ட இல்லை. டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. நாலடி கீழே ஏன் போனார் என்பதற்குப் பாதி பதில் இது.

மீதிப் பாதி தூண்டில் நரம்பில் இருக்கிறது. மேஃபிளைப் பூச்சி சிறகு உலரும்வரை நீரோடு நீராக மிதந்து வரும். நம்முடைய ஈயோ நரம்பில் கட்டப்பட்டது. நடுவில் வேகமான ஓட்டம் ஒன்று நரம்பை இழுத்தால் ஈ அரை விரல் அளவு வழுக்கும். கரையில் இருப்பவனுக்கு அது தெரியாது. ஆனால் பூச்சியின் கால்கள் நீர்ப்படலத்தை அழுத்தும் இடத்தில் கண்ணாடியில் பொட்டுப்பொட்டாக ஒளி தெரியும்; சன்னலுக்குள் வருமுன்பே மீன் பார்ப்பது அதைத்தான். அந்தப் பொட்டு கோடாக இழுபட்டால் மறுப்பு. இதற்கு இறகின் நிறத்தை மாற்றி என்ன பிரயோசனம்? நிற்கும் இடத்தை மாற்றினால் நரம்பு விழும் கோணம் மாறுகிறது, இழுப்பு போய்விடுகிறது.

அந்த ஐந்து நிமிடம் குமிழிக்காக. மேலே மிதப்பதைக் கவ்வும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்கும், வளையத்தில் ஒரு குமிழி மிஞ்சும். குமிழி இல்லாமல் நீர் வெறுமனே புடைத்தால், தோலுரித்து வெளிவரப் போராடும் பூச்சியை மீன் படலத்துக்குக் கீழேயே எடுக்கிறது. அன்று குமிழி இருந்தது. எனவே மிதக்கும் ஈயே சரி. எனவே பெட்டி மூடியே கிடந்தது. இதைத்தான் தயக்கம் என்கிறார்கள்!

கரையில் கூட்டம் போட்ட சத்தத்தின்மேல் பழி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றில் பேசும் பேச்சில் பெரும்பகுதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். ஆணி வைத்த பூட்ஸ் பாறையில் உரசுவதுதான் ஆபத்து. நீருக்குள் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். உட்காதும் பக்கக்கோடும் சேர்ந்து கேட்கும் உயிர் மீன். நம் ஆளின் கால் வைப்பைக் கவனியுங்கள்: பூனை.

இதையெல்லாம் பார்த்துக் கற்க நமக்கும் இடம் உண்டு. நம் நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதலே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் உண்டு. அங்கே ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் மணலை ஒட்டி வீடு கட்டிய கேடிஸ் பூச்சியின் புழு கையில் வரும். இருந்தும் இந்த ஆட்டத்தை நாம் ஈப்பெட்டியின் விலையைப் பேசியே கழிக்கிறோம்.

இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வற்றித் தெளிந்து கிடக்கும் ஆற்றுச் சுற்றுகளில் இவரை யாரும் நெருங்க முடியாது. ஏரிச் சுற்றில் அடிவாங்குவார். அங்கே மீன் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றித் திரியும், காத்திருந்து கணக்குப் போட ஓட்டம் இல்லை. அங்கே அவரும் பெட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும். அன்று மாலையே “சொன்னோமே” என்பார்கள். அடுத்த பருவத்தில் பத்துப் பேராவது முழங்கால் போட்டு உட்காருவார்கள். அவர்களில் எட்டுப் பேர் இரண்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள்.