கட்டடம் கூறாத அரங்க வரலாறு

ஈழத்தின் கரையோரப் பிரதேசங்களிலிருந்த பழைய அரங்குகளையும் நினைவுச் சின்னங்களையும் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கட்டடங்களையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. யாரால், எப்போது கட்டப்பட்டது, எப்போது படமாளிகையாக மாறியது என்பவற்றை நிரைப்படுத்துவதோடு அவை அமைந்துவிடுகின்றன. கட்டடம் காலத்தைத் திட்டமாக உணர்த்தும் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயின், கட்டடமே அரங்கு என்னும் எடுகோள் வடக்கு, கிழக்குக் கரையோரங்களின் நாடக வரலாற்றுக்குப் பொருந்துமா என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

கொழும்பைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்துகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் சிங்கள நூர்த்தி தோன்றியது. அதற்கு நிலையான இடமளித்தது 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபமாகும். பேசும்படத்தின் வருகைக்குப்பின் படமாளிகையான அம்மண்டபம், 1978இல் மீண்டும் நாடகத்துக்கென மீட்கப்பட்டது. இங்கு கட்டடத்தின் வரலாறும் கலையின் வரலாறும் ஒன்றையொன்று தழுவிச் செல்கின்றன.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. பார்சி மரபின் சாயலைப் பெற்ற தமிழகக் குழுக்கள் அங்கும் வந்தன. ஆயின் அவை ஆடிய இடங்கள் பெரும்பாலும் தற்காலிகக் கொட்டகைகளே. எழுதிய திரைச்சீலை, ஆர்மோனியம், ஒரு திசை நோக்கிய மேடை ஆகியன அவற்றின் இயல்புகளாயின. இந்த மரபுக்குக் 'கொட்டகைக் கூத்து' என்னும் பெயர் வழங்கியதே இடத்தின் ஆற்றலைக் காட்டும். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டம் இம்மரபின் சிகரமெனலாம். கோயில் வீதிகளில் எழுப்பப்பட்ட மேடைகளே அவருக்கு அரங்குகளாயின. விழா முடிந்ததும் அவை பிரிக்கப்பட்டன. கட்டடங்களை மட்டும் எண்ணும் வரலாற்றில் அவருக்கு இடமில்லாது போகும்.

மட்டக்களப்பின் வட்டக்களரி இதனினும் நுண்ணிய சான்றாகும். சுற்றிவரச் சனங்கள் அமர்ந்திருக்க, அண்ணாவியாரின் மத்தள அடிக்கேற்ப இரவு முழுவதும் ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஆட்டக்கோலங்களே வட்ட அமைப்பிலிருந்து பிறந்தவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது அது படச்சட்ட மேடைக்கு வந்தது. நீண்ட கூத்து சுருங்கியது. எத்திசைக்கும் ஆடிய கூத்தர் ஒரு திசையை நோக்கலாயினர். இம்முயற்சி கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்பைத் தேடித்தந்தது. அது சிறிய பணியன்று. எனினும், இடம் மாறியபோது கலையின் உருவமும் மாறியது என்பதை மறத்தலாகாது. களரியைப் பற்றிய குறிப்புகள் இன்றி அம்மாற்றத்தை மதிப்பிடுதல் இயலாது.

நினைவுச் சின்னங்களைப் பற்றிய எழுத்துகளும் இத்தகைய குறைபாடுடையனவே. யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. ஓர் இளவரசரின் வருகை கல்லிலே நிலைக்க, பாசையூர், நாவாந்துறை போன்ற கடலோரக் கிராமங்களில் தலைமுறைகளாக ஆடப்பட்ட கத்தோலிக்கக் கூத்துகள் கல்லெழுத்தின்றி நின்றன. எது நினைவுச் சின்னமாக வேண்டுமென்பதைப் பணமும் அதிகாரமும் தீர்மானித்துள்ளன. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. கட்டடம் மீள எழுந்தது. எரிந்துபோன ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை.

இவ்விழப்பு இன்றைய ஆய்வுக்கு உடனடிக் கடமையொன்றை விதிக்கின்றது. 1990இல் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004இன் கடற்கோள் கிழக்குக் கரையோரக் கிராமங்கள் பலவற்றை அழித்தது. இடிந்த கட்டடத்துக்கு அடித்தளமாவது எஞ்சும். களரி இருந்த வெளிக்கு அதனையறிந்த முதியோரின் நினைவன்றி வேறு சான்றில்லை. ஆகவே கரையோர அரங்க வரலாற்றை எழுதுவோர் ஒவ்வோரூரிலும் கூத்து எங்கே ஆடப்பட்டது, சனங்கள் எத்திசைகளில் அமர்ந்தனர், அண்ணாவியார் எங்கு நின்றார், அவ்விடத்துக்குப் பின்னர் யாது நேர்ந்தது என்பவற்றை வரைபடத்தோடு பதிவு செய்தல் வேண்டும். மண்டபங்களின் வரலாற்றோடு இதுவும் சேரும்போதே அது அப்பிரதேச மக்களின் அரங்க வரலாறு எனப்படுதற்கு உரித்தாகும்.