வக்ஃபின் உடைமை யாருக்குரியது? 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறித்து ஒரு மதிப்பீடு

வக்ஃபு நிலம் ‘இறைவனின் சொத்து’ என்னும் வரையறை தமிழில் வழக்கூன்றியுள்ளது. இவ்வரையறைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்பெறுவது, வித்யா வருதி தீர்த்த சுவாமிகள் – பாலுசாமி ஐயர் வழக்கில் 1921இல் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பாகும். அது சென்னை மாகாணத்து இந்து மடம் ஒன்றின் நிலக் குத்தகை பற்றிய வழக்கு. மடாதிபதி ஆங்கிலச் சட்டம் கூறும் ‘டிரஸ்டி’ ஆவாரா என்னும் வினாவிற்கு விடைகாண, நீதிபதி சையது அமீர் அலி முத்தவல்லியை ஒப்புமையாகக் கொண்டார். வக்ஃபு உருவானதும் உரிமை அனைத்தும் அதனை ஏற்படுத்திய வாகிஃபை விட்டு நீங்கி இறைவனைச் சேரும்; முத்தவல்லி மேலாளரே, உடைமையாளர் அல்லர் என்பது அவர் முடிவு. இம்முடிவின் முற்பகுதியை ஃபிக்ஹு மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இப்பொருளில் இஸ்லாமியச் சட்டவறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பள்ளிவாசல் நீங்கலான அறங்களில் மூலப்பொருள் வாகிஃபின் உடைமையாகவே நீடிக்கும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. பயன் மட்டும் இரவல்போல் அறத்திற்குச் செல்லும். காழியின் தீர்ப்போ மரண சாசனமோ இன்றி அது வாகிஃபைப் பிணிக்காது. அவர்தம் மாணாக்கருள் அபூ யூசுஃப், சொல்லிய அளவிலேயே உடைமை நீங்கும் என்றார். முஹம்மது அஷ்ஷைபானீ, முத்தவல்லியிடம் ஒப்படைத்தலும் வேண்டும் என்றார். மாலிக்கீ மரபில் உடைமை வாகிஃபிடமே தங்கும். எனினும் அவர் விற்க இயலாது. பயனாளிகள் குறிப்பிட்ட மனிதராயின் உடைமை அவர்களைச் சேரும் என்பது ஹன்பலீ மரபு. இறைவனைச் சேரும் என்பது ஷாஃபிஈ மரபில் வலுப்பெற்ற கருத்து. ஆகவே, கடலோர ஷாஃபிஈயரும் உள்நாட்டு ஹனஃபீயரும் வாழும் தமிழகத்தில் அமீர் அலியின் முடிவு அயலானதன்று. ஆயினும் பல விடைகளுள் ஒன்று, ‘இஸ்லாமியச் சட்டம்’ என்னும் பொதுப்பெயரைப் பெற்றுவிட்டது.

இதனினும் கருதத்தக்கது ஒரு சொல்லின் மறைவு. மாணாக்கர் இருவரின் வரையறையை ஹிதாயா ‘ஹுக்ம்’ என்னும் சொல்லைச் சேர்த்தே தருகிறது. பொருள் இறைவனின் உடைமைக்குரிய சட்டநிலையில் நிறுத்தப்படுகிறது என்பது அதன் கருத்து. அனைத்தும் இறைவனுக்கே உரியன என்பது அடிப்படை நம்பிக்கையாதலின், புதியதோர் உரிமை மாற்றத்தை அச்சொல் சுட்டுவதாகக் கொள்ள இயலாது. மனிதர் எவரும் இனி அதனை விற்றலும் கொடையளித்தலும் மரபுரிமையாகப் பெறுதலும் கூடா என்னும் விலக்கையே அது சுட்டுகிறது. தீர்ப்பின் மொழியில் இவ்விலக்கு உரிமை மாற்றமாகிவிடுகிறது.

இவ்வேறுபாடு நடைமுறையிலும் விளைவுடையது. சிவன் கோயில் நிலப் பரிமாற்றங்கள் சண்டேசுவரர் பெயரில் நிகழ்ந்தமையைச் சோழர் கல்வெட்டுகள் காட்டும். 1925இல் பிரிவி கவுன்சில் இந்துத் தெய்வத் திருமேனியைச் சட்ட ஆளாக ஏற்றது. அதே மன்றம் 1940இல் லாகூர் ஷஹீத்கஞ்ச் வழக்கில், பள்ளிவாசல் சட்ட ஆளாக நின்று வழக்காட இயலாது என்றும், அதன் நிலமும் காலவரையறைச் சட்டத்திற்கு உட்பட்டதே என்றும் கூறியது. ‘இறைவனின் சொத்து’ என்னும் வாய்பாடு ஆக்கிரமிப்பிலிருந்து நிலத்தைக் காக்கவில்லை. காலவரையறையிலிருந்து விலக்களித்தது 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 107ஆம் பிரிவே. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியுள்ளது.

ஆதலின் வக்ஃபைத் தேவதானத்தோடு ஒப்பிடும் தமிழாய்வு, ‘உடைமையாளர் யார்’ என்பதோடு அமைதல் போதாது. மாற்றக்கூடாததை மாற்றுவோரை எவர், எம்மன்றத்தில், எத்துணைக் காலத்திற்குள் வினவலாம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். முத்தவல்லி உடைமையாளர் அல்லர் என்னும் 1921ஆம் ஆண்டு முடிவின் பிற்பகுதி, அவ்வாய்விற்கு இன்றும் உறுதியான தொடக்கமாகும்.