முப்பத்திரண்டாம் நாள்: ஒரு ஜப்பானிய விளையாட்டும் நினைவின் இறையியலும்

சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எருசலேமில் ஆலயத்துக்கு மீண்டும் அஸ்திபாரம் இட்ட நாளில் இருவகைக் குரல்கள் எழுந்தன என எஸ்றாவின் நூல் (3:12, 13) அறிவிக்கிறது. பழைய ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியோர் அழுதனர், இளையோர் களித்தனர். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது அழுகை, எது களிப்பு எனப் பிரித்தறிய இயலாத ஓசையாயிற்று. முதியோரின் அழுகை பக்தியைச் சேர்ந்ததா, அவநம்பிக்கையைச் சேர்ந்ததா என்பதற்குத் திருமறை அவ்விடத்தில் தீர்ப்புக் கூறவில்லை. கூறாது விடப்பட்ட அவ்வினாவை, நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்த படைப்பொன்று மீண்டும் நம்முன் வைக்கிறது. அது ஒரு வீடியோ விளையாட்டு.

போதகர்களும் இறையியல் மாணவர்களும் படிக்கும் ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நாவலைக் குறித்தும் திரைப்படத்தைக் குறித்தும் இதே கேள்வி ஒரு காலத்தில் எழுந்ததுண்டு. மனிதர் தம் ஏக்கங்களை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்களோ, அங்கே செவிசாய்ப்பது மேய்ப்பனின் கடமை. அக்கடமையை முன்னிட்டே இவ்விளையாட்டை ஆராயப் புகுகிறோம்.

ஆட்டத்தின் அமைப்பு

"பொக்கு நோ நட்சுயசுமி" என்பது இதன் பெயர். 'என் கோடை விடுமுறை' என்பது பொருள். மில்லெனியம் கிச்சன் என்னும் நிறுவனம் உருவாக்க, காஸ் அயாபே என்பவர் இயக்க, 2000-ஆம் ஆண்டில் சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்காக ஜப்பானில் இது வெளிவந்தது. 2002, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் இதே வரிசையில் மேலும் மூன்று ஆட்டங்கள் வந்தன. நாம் இங்கு முதலாவதையே பெரிதும் கருதுகிறோம்.

கதை எளியது. ஆண்டு 1975; மாதம் ஆகஸ்டு. நகரத்துச் சிறுவன் ஒருவனுக்கு ஒன்பது வயது. அவனுடைய தாய் பிரசவத்தை எதிர்நோக்கியிருப்பதால், மலைப்புறக் கிராமமொன்றில் வாழும் உறவினர் வீட்டுக்கு ஒரு மாதத்திற்கு அனுப்பப்படுகிறான். 'பொக்கு' என்பது ஜப்பானியச் சிறுவர் தம்மைச் சுட்டும் 'நான்' என்னும் சொல். ஆட்டத்தில் அச்சிறுவனுக்கு அதுவே பெயர் போல் நிற்கிறது. ஆடுகின்ற எவரும் அந்த 'நான்' ஆகலாம்.

ஆட்டத்தில் பகைவர் இல்லை. வென்று முடிக்கவேண்டிய போர் இல்லை. காலையில் எழுந்து வானொலி உடற்பயிற்சி செய்கிறான். காண்டாமிருக வண்டுகளையும், மான்கொம்பு போன்ற தாடைகளையுடைய வண்டுகளையும் பிடித்து ஒன்றோடொன்று மோதவிடுகிறான். மீன் பிடிக்கிறான்; பட்டம் விடுகிறான்; வெள்ளரியும் தக்காளியும் விளையும் கோடைக்குள் அலைகிறான். மாலையில் வீட்டாரோடு உணவருந்துகிறான். உறங்குமுன், ஜப்பானியப் பள்ளிச் சிறுவர் விடுமுறையில் எழுதவேண்டிய படநாட்குறிப்பில் அன்றைய நாளை வரைகிறான். இப்படி 31 நாட்கள். முப்பத்தோராம் நாளில் விடுமுறை முடிகிறது, ஆட்டமும் முடிகிறது. இவை யாவற்றையும் வளர்ந்த மனிதன் ஒருவனின் குரல், தன் இளமையைத் திரும்பிப் பார்ப்பதாக நமக்குச் சொல்லிவருகிறது.

ஓவியர் மினேகோ உவெடா வரைந்த மாந்தர் சில கோடுகளால் ஆன எளிய உருவங்கள். அவர்களுக்குப் பின்னுள்ள மரங்களும் ஓடைகளும் தாழ்வாரங்களுமோ நுணுக்கமாகத் தீட்டப்பட்டவை. நினைவின் இயல்பும் இத்தகையதன்றோ? முகங்கள் மங்கிவிடுகின்றன, திண்ணையில் விழுந்த வெயில் அப்படியே நிற்கிறது.

நடையின் வேகம்

இவ்விளையாட்டில் காலம் கழியும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கடிகாரம் தானாக ஓடுவதில்லை. சிறுவன் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு நடக்கும்போது பொழுது சற்றே நகர்கிறது. ஓடைக்கரையில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் நேரம் குறைவதில்லை. அங்குமிங்கும் ஓடித் திரிபவனுக்கு நாள் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நின்று நோக்குபவனுக்கு அது தீர்வதில்லை.

ஜப்பானிய இறையியலார் கொசுக்கே கோயாமா 1979-இல் வெளியிட்ட நூலொன்றுக்கு 'மணிக்கு மூன்று மைல் செல்லும் கடவுள்' எனப் பொருள்படும் பெயரிட்டார். நடக்கும் மனிதனின் வேகமே அன்பின் வேகம். வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் தம் மக்களோடு நடந்த கடவுள் அவ்வேகத்திலேயே நடந்தார் என்பது அவரது சிந்தனையின் சாரம். விளையாட்டை உருவாக்கியவர்கள் கோயாமாவைக் கருதினார்கள் என நாம் சொல்லவில்லை. ஆயினும் விரைவையே விற்பனைப் பொருளாக்கிய ஒரு தொழிலின் நடுவில், நிற்பவனுக்குக் காலத்தைத் தண்டமின்றித் தரும் ஆட்டமொன்று பிறந்தது சிறு செய்தியன்று. ஓய்வுநாளைப் பற்றி நாம் ஆற்றும் அருளுரைகள் பல, ஓய்வைக் கடமையாகவே கற்பிக்கின்றன. இவ்வாட்டமோ அதை இன்பமாகக் காட்டுகிறது.

எண்ணப்பட்ட நாட்கள்

இரண்டாவதாகக் கருதவேண்டியது நாட்களின் எண்ணிக்கை. 31 நாட்களுக்குமேல் ஒரு நாளும் கிடையாது. ஆகஸ்டு பத்தாம் நாளில் பிடிக்காத வண்டை அந்தப் பத்தாம் நாளில் மறுபடி பிடிக்க முடியாது. தொண்ணூறாம் சங்கீதம் (வசனம் 12) நாட்களை எண்ணும் அறிவைக் கடவுளிடம் வேண்டுகிறது. அவ்வேண்டுதலைப் பெரும்பாலும் அடக்க ஆராதனையிலேயே நாம் கேட்கிறோம். எண்ணிக்கை அங்கே எச்சரிப்பாக ஒலிக்கிறது. இச்சிறுவனின் நாட்குறிப்பிலோ அதே எண்ணிக்கை நன்றியறிதலாகிறது. ஒவ்வோர் இரவும் அவன் ஒரு பக்கத்தை மட்டும் வரைகிறான். நாளைய பக்கத்தை இன்று வரைய இயலாது. நேற்றைய பக்கத்தை மாற்றவும் இயலாது.

மன்னாவின் ஒழுங்கும் இதுவே (யாத்திராகமம் 16). அன்றன்றைக்குரியது அன்றன்றைக்குப் போதுமானது. மறுநாளுக்கெனச் சேர்த்து வைத்ததில் புழு உண்டாயிற்று. அளவோடு தரப்படுவதே கொடையைக் கொடையாக வைத்திருக்கிறது என்பதை இவ்வாட்டம் தன் அமைப்பினாலேயே உணர்த்துகிறது. அதற்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

வெள்ளரிக்காய்களும் செங்கற்களும்

இவ்வளவு புகழ்ந்த பின் குறையையும் சொல்வது நேர்மை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தை நினைத்து அழுதபோது அவர்கள் நினைவுக்கு வந்தவை மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் (எண்ணாகமம் 11:5). செங்கல் சூளையும் மேற்பார்வையாளரின் சவுக்கும் வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வெள்ளரிக்காய்கள் மெய்யாகவே இருந்தன. ஏக்கத்தின் ஆபத்து இங்குதான் உள்ளது. அது பொய்யைப் புனைவதில்லை. உண்மையில் பாதியைத் தெரிந்தெடுக்கிறது.

1975-ஆம் ஆண்டின் ஜப்பான் எத்தகையது? பெரும் பொருளாதார வளர்ச்சியின் காலம் 1973-இன் எண்ணெய் நெருக்கடியோடு முடிவுற்றிருந்தது. அவ்வளர்ச்சிக்காகக் கிராமங்களின் இளைஞர் நகரங்களுக்கு இழுக்கப்பட்டிருந்தனர். மக்கள் வெளியேறிய ஊர்களுக்கென 1970-இல் அரசு தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மினமாட்டாக் கடலோரத்தில் ஆலைக்கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதரின் நரம்புகளைச் சிதைத்தது. அந்நோய் 1956-இலேயே அறியப்பட்டிருந்தும், அதன் காரணத்தை அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. இந்நிழல்கள் சிறுவன் மீன் பிடிக்கும் தெளிந்த ஓடையின்மேல் விழவில்லை. மேலும், அவன் விருந்தாளி. வயலில் இறங்கி நாற்று நடவேண்டியவன் அல்லன். வேளைக்கு உணவு வருகிறது. அதைச் சமைத்த கைகளின் களைப்பு நாட்குறிப்பில் வரையப்படுவதில்லை.

ஒன்பது வயதுச் சிறுவன் இவற்றையெல்லாம் எங்ஙனம் அறிவான் என்று மறுமொழி கூறலாம். அது நியாயமானதே. ஆனால் கதையைச் சொல்பவன் சிறுவன் அல்லன், வளர்ந்தவன். வளர்ந்தவனின் நினைவுக்குப் பொறுப்பு உண்டு. இஸ்ரவேலர் முதற்கனிகளைப் படைக்கும்போது அறிக்கையிட வேண்டிய நினைவில் (உபாகமம் 26:5-10) அலைந்து திரிந்த தகப்பனும் உண்டு, அடிமைத்தனமும் உண்டு, பாலும் தேனும் உண்டு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதே திருமறை கற்பிக்கும் நினைவு. இவ்விளையாட்டு நன்றி செலுத்தக் கற்பிக்கிறது, மனந்திரும்பக் கற்பிக்கவில்லை. அது இதன் எல்லை.

முடியாத கோடை

இத்தொடரைச் சேர்ந்த ஆட்டமொன்றில் உருவாக்கியவர் அறியாமல் ஒரு பிழை நுழைந்திருந்தது. குறிப்பிட்ட முறையில் ஆடினால் நாட்காட்டி முப்பத்தொன்றில் நிற்காது, 'ஆகஸ்டு 32' என ஓடத் தொடங்கும். விடுமுறை முடியாதிருக்கவேண்டும் என்று ஏங்காத சிறுவன் உண்டோ? இங்கே அவ்வேக்கம் நிறைவேறுகிறது. ஆனால் என்ன நிகழ்கிறது? வீட்டில் மனிதர் இல்லை. நாட்குறிப்பின் எழுத்துகள் குலைகின்றன. சிறுவனின் உருவமே சிதையத் தொடங்குகிறது. ஜப்பானிய இளைஞரிடையே இது ஒரு திகில் கதையைப் போல் பரவிற்று.

யாரும் திட்டமிடாத இப்பிழையை உவமையாகக் கொள்வதில் தவறில்லை எனக் கருதுகிறோம். ஏதேனிலிருந்து மனிதன் அனுப்பப்பட்டதற்கு ஆதியாகமம் (3:22-24) கூறும் காரணம், அந்நிலையிலேயே அவன் ஜீவவிருட்சத்தின் கனியைப் புசித்து என்றென்றும் வாழ்ந்துவிடக்கூடாது என்பது. கேருபீன்களின் வாளைத் தண்டனையாகவே படிக்கப் பழகிய நமக்கு, அதில் இரக்கமும் உண்டு என்பதைக் காண்பது கடினம். நாட்களை நீட்டுவதனால் நித்தியம் உண்டாவதில்லை. முடிவற்ற நீட்சியில் முதலில் மறைபவர் உடன் வாழ்ந்தோர், பின்பு சொற்கள், இறுதியில் 'நான்' என்பதே சிதைகிறது. மறுரூப மலையில் மூன்று கூடாரங்கள் அமைக்க விரும்பிய பேதுருவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கியபின் கண்ட முதல் காட்சி நோயுற்ற பிள்ளையும் அவன் தகப்பனும் (மத்தேயு 17:1-15).

திருச்சபையும் தன் முப்பத்திரண்டாம் நாளுக்குள் நுழைந்துவிடக்கூடும். நூற்றாண்டு விழாக்களிலும் நினைவு மலர்களிலும் நாம் எழுதுவதைச் சற்று எண்ணிப்பார்ப்போம். ஆலயம் நிரம்பி வழிந்த காலம், பெரிய ஊழியர்கள் வாழ்ந்த காலம், பிள்ளைகள் மனப்பாடமாக வசனம் சொன்ன காலம் எனப் பேசுகிறோம். அவை மெய்யாகவே இருந்த வெள்ளரிக்காய்கள். ஆனால் அந்நாட்களில் பின்வரிசையில் அமரும்படி விடப்பட்டவர் யார், பேச அனுமதிக்கப்படாதவர் யார் எனக் கேளாமல் அவற்றை நீட்டிக்க முனைந்தால், நாட்காட்டி ஓடும், வீடோ வெறுமையாகும். முந்தின நாட்கள் ஏன் மேலானவை என வினவுவது ஞானமன்று எனப் பிரசங்கி (7:10) எச்சரிப்பது இதனாலேயே.

வீதியில் விளையாடுவோர்

அப்படியானால் எஸ்றாவின் முதியோர் அழுதது தவறா? அன்று எனத் துணிந்து கூறலாம். அவ்வழுகை நேசத்தின் அழுகை. ஆனால் அதே மக்களுக்கு, அதே ஆலயம் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில், சகரியா தீர்க்கதரிசி வேறொரு காட்சியைக் கொடுத்தார் (8:4, 5). எருசலேமின் தெருக்களில் கோலூன்றிய கிழவரும் கிழவியரும் அமர்ந்திருக்கிறார்கள். அதே தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுகிறார்கள். இது நினைவிலிருந்து எடுக்கப்பட்ட காட்சியன்று, வாக்குத்தத்தம். விளையாடும் பிள்ளையைத் தீர்க்கதரிசி நமக்குப் பின்னால் வைக்கவில்லை, முன்னால் வைக்கிறார்.

ஜப்பானியச் சிறுவனின் கதையும், தன்னை அறியாமலேயே, இதைத் தொடுகிறது. அவன் கிராமத்துக்கு வந்ததன் காரணம் யாது? வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவிருக்கிறது. அந்த முழுக் கோடையும் ஒரு பிறப்புக்காகக் காத்திருத்தலே. முப்பத்தோராம் நாளில் அவன் இழந்து திரும்புவதாக ஆடுவோர் கண்கலங்குகின்றனர். ஆனால் அவன் திரும்பிச் செல்வது, புதியவரொருவருக்கு இடம் ஆயத்தமாகும் வீட்டுக்கு. வண்டுப் பெட்டியையும் நாட்குறிப்பையும் அவன் அங்கே கொண்டுசெல்லலாம். கோடையைக் கொண்டுசெல்ல முடியாது.

கிறிஸ்தவ நினைவுகூருதலின் இலக்கணமும் இதுவே. திருவிருந்தில் நாம் கர்த்தரின் மரணத்தை அவர் வருமளவும் அறிவிக்கிறோம். அப்பமும் ரசமும் கடந்த இரவொன்றை நினைப்பூட்டினும், அவற்றை ஏற்ற கைகள் வரப்போகிறவரை நோக்கியே நீட்டப்படுகின்றன. நம் சபைகளின் முதியோர் பழைய நாட்களைக் குறித்து அழும்போது, ஆயர்கள் அவ்வழுகையைக் கண்டிக்கவேண்டாம். அதில் மூழ்கவும் வேண்டாம். அவர்களருகில் அமர்ந்து முழுக்கதையையும் கேட்போம், வெள்ளரிக்காயோடு செங்கல்லையும். பின்பு அவர்களைத் தெருவோரம் அழைத்துச் சென்று, அங்கே விளையாடும் பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளும்படி கேட்போம்.