பொன்னுருவியின் பேத்திகள்

தறியில் உட்கார்ந்தவர் தொலைக்காட்சியைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஆரணி பக்கத்து முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவருக்குக் கண் ஊடையிலும் சரிகையிலும். காது மட்டும் சீரியலில். வசனம் வந்துவிடும், முகத்தை அவரே வரைந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் கதையைத் தன் கதையாக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதை நோட்டில் நாவலாகவே எழுதிவைக்கிறவர்களும் உண்டு.

ரசிகர் புனைவு என்று இதற்கு இப்போது பெயர். அமெரிக்காவில் 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் வந்தது. மறு ஆண்டே ரசிகைகள் இருவர் அதற்கென்று 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைத் தொடங்கிவிட்டார்கள். நம் பக்கம், 'இது காதலா' என்று தமிழ் பேசி வந்த இந்தித் தொடரைச் சொல்லலாம். மேடையிலிருந்து தவறி விழும் குஷியை அர்னவ் தாங்கிப் பிடிப்பதில் கதை தொடங்கும். நாயகனாக நடித்தவர் விலகியதால் 2012இல் மூலத்தொடர் முடிந்தது. ரசிகைகள் முடிக்கவில்லை. அந்த ஜோடியை வேறு ஊரில், வேறு வேலையில், வேறு சண்டையில் வைத்து நாவல் நாவலாக எழுதித் தள்ளினார்கள்.

பெரும்பாலானவை சுமார்தான். வில்லி திருந்துவாள், நாயகன் உருகுவான், வளைகாப்போடு சுபம். ஆனாலும் தொடர் மறந்துபோன ஒரு சின்னப் பாத்திரத்தைக் கைப்பிடித்துக் கூட்டிவருகிற எழுத்து அபூர்வமாக வரும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஏனென்றால் ஆரணி, செய்யாறு வட்டாரத்துக்கு அது புதிதல்ல. பாரதக் கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்த்திருப்பீர்கள். கடைசிப் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பொன்னுருவி அவனை ஏசுகிறாள். பிறப்பின் ரகசியத்தைக் கேட்டபிறகு உடைந்து அழுகிறாள். வியாசர் பாரதத்தில் பொன்னுருவி இல்லை! கர்ணனுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்ட யாரோ இங்கே அவளைப் படைத்தார்கள். 'பொன்னுருவி மசக்கை' என்று தனி நூலே உண்டு.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை இலக்கியம் என்கிறோம். சீரியலைத் தொடர்ந்து ஒரு பெண் எழுதினால் பொழுதுபோகாத வேலை என்கிறோம். இந்தப் பாகுபாட்டில் எனக்கு உடன்பாடில்லை. சட்டச் சிக்கல் இருப்பது உண்மைதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தழுவி எழுதும் உரிமை மூலப் படைப்பின் உரிமையாளருக்கே. அச்சேற்ற நினைப்பவர் பெயர்களை மாற்றியாக வேண்டும்; 'ட்வைலைட்' ரசிகையாக எழுதத் தொடங்கிய ஈ. எல். ஜேம்ஸ் அப்படித்தான் 2011இல் புத்தகம் போட்டார். மற்றவர்களின் நாவல் நோட்டோடு நின்றுவிடுகிறது.

நோட்டுக்கு நூலகத்தில் இடமில்லை. பெரிய எழுத்துக் கதைகளையும் நாடக நோட்டீசுகளையும் ஒருகாலத்தில் யாரும் மதிக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர்கள் சேர்த்துவைத்ததால்தான் இன்று ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிச் சென்னைக்குப் போகிறார்கள். சீரியல் நாவல்களுக்கு இன்னும் ஒரு முத்தையா வரவில்லை. உங்கள் அக்காவோ அத்தையோ எழுதிய நோட்டு பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.