மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம்

1980களிலிருந்து 2005 வரை ஜப்பானின் இரவு விடுதிகளுக்குப் பாடவும் ஆடவும் போன பிலிப்பைன்ஸ் பெண்கள் பலருடைய கடவுச்சீட்டில் ஒரே கணக்குதான் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் மூன்று மாத அனுமதி, பிறகு மூன்று மாத நீட்டிப்பு, அதன்பின் மணிலா. அங்கே காத்திருந்து புது ஒப்பந்தம் கிடைத்தால் மறுபடியும் ஆறு மாதம். கலைஞர்களுக்கான ‘கோக்யோ’ விசா இப்படித்தான் ஓடியது. 2004இல் மட்டும் இந்த விசாவில் ஜப்பானுக்குள் நுழைந்த பிலிப்பைன்ஸ் நாட்டவர் 80,000க்கும் மேல். இந்தப் பெண்கள் சட்டத்துக்கு உட்பட்டே தங்கும் காலத்தை நீட்டித்துக்கொண்டதை ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். அவர்களை வெறும் பலியாடுகளாகப் பார்ப்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் முக்கியமான கேள்வி விடுபட்டுப்போகிறது: நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

அன்றைய விதிகளைப் படித்தால் குறை சொல்ல இடமில்லை. விடுதியில் குறைந்தது 13 சதுர மீட்டர் மேடை வேண்டும், 9 சதுர மீட்டர் ஒப்பனை அறை வேண்டும், மாதச் சம்பளம் 2,00,000 யென்னுக்குக் குறையக் கூடாது, கலைஞர் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து உபசரிக்கக் கூடாது. நடந்தது வேறு. மது ஊற்றிக் கொடுப்பது, சிகரெட் பற்றவைப்பது, கூடவே கரோக்கே பாடுவது, கடை திறக்குமுன் வாடிக்கையாளரோடு வெளியே சாப்பிட்டுவிட்டு அவரைக் கடைக்கு அழைத்துவரும் ‘டோஹான்’: இவைதான் வேலை. பல கடைகளில் மாதத்துக்கு இத்தனை டோஹான் என்ற கட்டாயமும், குறைந்தால் அபராதமும் உண்டு. மேடையை இவ்வளவு கவனமாக அளந்த அரசு, மேசைகளுக்கிடையே நடந்ததைப் பார்க்க மறுத்தது பெரிய குற்றமாகவே எனக்குப் படுகிறது. ஏனென்றால் சொன்ன வேலையைச் செய்த நிமிடமே அந்தப் பெண் விசா விதியை மீறியவள் ஆகிவிட்டாள். சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவள்தான். பலருக்குச் சம்பளமே ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாளில்தான் கைக்கு வந்தது. நீட்டிப்புக்கான தாள்கள் அவளை வரவழைத்த தரகரான புரொமோட்டரிடம். பல சமயம் கடவுச்சீட்டும் அவரிடமே.

ஆனாலும் இந்த ஆறு மாதச் சுற்றில் ஒரு வலு இருந்தது. அவள் ஒளிந்து வாழவில்லை. இரு நாட்டு அரசுகளின் பதிவிலும் அவள் பெயர் இருந்தது. ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது. இரண்டாம் முறை வருகிறவளுக்கு மொழி தெரியும், கடை தெரியும். வாடிக்கையாளர்கள் அவளைக் கேட்டு வரும்போது பேரம் பேசச் சற்று இடமும் கிடைத்தது. விசா காலாவதியான பின்னும் தங்கிவிட்டவளுக்கு இதில் எதுவும் கிடையாது. 1991இல் ஃபுகுஷிமா மாகாணத்தில் 22 வயது நடனப் பெண் ஒருவர் இறந்துபோனதற்குப் பிறகு மணிலா அரசு வயது வரம்பையும் திறன் தேர்வையும் கலைஞர் பதிவேட்டையும் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பயிற்சிச் செலவு தரகர் கணக்கில் ஏறி, அவள் தலையில் கடனாக விழுந்தது.

சுற்றிலிருந்து வெளியேறும் வழி, திருமணம். ஜப்பானியரின் மனைவி என்ற தகுதி கிடைத்தால் எந்த வேலையும் செய்யலாம்: பிடிக்காத கடையை விடலாம், தொழிற்சாலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகலாம். இவற்றைப் போலித் திருமணம் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளுவது அநியாயம். காதலும் கணக்கும் கலக்காத திருமணம் எந்த நாட்டில் இருக்கிறது? ஆபத்து வேறிடத்தில். விசாவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கணவர் உத்தரவாதக் கடிதம் எழுத வேண்டும். 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தகுந்த காரணமின்றி ஆறு மாதம் மனைவியாக வாழாதிருந்தால் விசாவை ரத்து செய்யலாம் என்றது. அடிக்கிற கணவர் தகுந்த காரணம்தான். ஆனால் அதை அலுவலகத்தில் ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் அவள்.

மணமாகாமல் பிள்ளை பெற்றவர்களின் நிலை இன்னும் கடுமை. ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளையை வளர்க்கும் வெளிநாட்டுத் தாய்க்கு நீண்டகாலத் தங்கும் உரிமை தரலாம் என்று நீதி அமைச்சகம் 1996 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றிய தாள் அது. அதற்கும் தந்தை அதைத் தன் பிள்ளை என்று சட்டப்படி ஏற்றிருக்க வேண்டும். ஏற்றாலும் தாய்க்குத்தான் உரிமை. பல பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. பிறக்குமுன்பே தந்தை ஏற்றால் பிள்ளை ஜப்பானியர், பிறந்த பின் ஏற்றால் பெற்றோர் மணந்தால் மட்டுமே ஜப்பானியர் என்றிருந்தது சட்டம். பிலிப்பைன்ஸ் தாய்மாரின் பிள்ளைகள் தொடுத்த வழக்கில் 2008 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டிலேயே சட்டம் திருந்தியது. இந்த வரலாற்றில் ஒரு ஆணின் மணவிருப்பத்தைச் சாராமல் கிடைத்த அரிய வெற்றி இது. தரகரோ இரு அரசுகளோ தந்ததல்ல, வழக்குப் போட்டுப் பெற்றது.

இடையில் கதவு மூடப்பட்டது. 2004இல் அமெரிக்க அரசின் ஆள்கடத்தல் அறிக்கை ஜப்பானைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மறு ஆண்டே, வெளிநாட்டு அரசு தரும் கலைஞர் சான்று போதும் என்ற விதியை ஜப்பான் நீக்கியது. இரண்டாண்டுப் படிப்பு அல்லது அனுபவம் தேவை என்றானது. 2006இல் வந்தவர்கள் 10,000க்கும் கீழே. அதே 2005இல் ஆள்கடத்தல் தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியதையும், பாதிக்கப்பட்டவர்கள் தங்க அனுமதி கிடைத்ததையும் மதிக்கிறேன். ஆனால் டோக்கியோ விடுதியொன்றில் தானே வேலை பார்த்து ஆராய்ந்த சமூகவியலாளர் ரேசல் பரேன்யாஸ் சொல்வதுபோல, இரண்டாண்டுப் பயிற்சி என்ற நிபந்தனை பெண்களைத் தரகர்களிடம் மேலும் கட்டிப்போட்டது. வேலை இழந்தவர்களுக்கு மாற்று வழி எதுவும் திறக்கவில்லை. ஊருக்குப் போய்வரக்கூடிய வழி அடைபட்டதால், எளிதில் விலக முடியாத திருமண வழிதான் அவர்களுக்கு எஞ்சியது.

இதற்கு வேறு மாதிரியும் இருக்கிறது: ஜப்பானில் வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பொறியாளர் நிறுவனம் மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, அதே துறையில் புது வேலையைத் தொடரலாம். அவர் தங்குவது பழைய முதலாளியின் தயவில் அல்ல. 2023இல் கோக்யோ விதிகள் ஓரளவு தளர்ந்தன; மேடை அளவிலும் அனுபவ நிபந்தனையிலும் நிகழ்ச்சி நடத்துவோருக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் பாடகிக்கும் ஆடுபவளுக்கும் கிடைக்க வேண்டியது அந்தப் பொறியாளருக்கு உள்ள உரிமை. கடையை விட்டு விலகி, தன் பெயரிலேயே விண்ணப்பித்து, விசா காலம் முடியும்வரை வேறு கடை தேட அனுமதி வேண்டும். உபசரிப்பும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டு அதற்குக் கூலியும் நேரமும் எழுதப்பட வேண்டும். அப்போதுதான் சம்பளப் பாக்கியைக் கேட்கப் போகிறவள் தன் விசாவைப் பற்றிப் பயப்படாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குள் நுழைய முடியும்.