ஆட்டுப்பட்டியும் மத்யன் கிணறும்

பென்யாமின் 2008இல் மலையாளத்தில் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ நாவலைத் தமிழாக்கத்தில் படித்து முடித்தபோது, நமக்கு மத்யன் நகரின் கிணற்றடியே நினைவுக்கு வந்தது. அங்கும் பிழைப்புத் தேடிய ஓர் அந்நியர். அங்கும் ஆடு மேய்க்கும் வேலை. ஆனால், மூஸா (அலை) அவர்களுக்கு வேலை தந்த பெரியவர் எட்டாண்டுத் தவணையை முன்னரே வரையறுத்தார். அவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் சொன்னார். ரியாத் விமான நிலையத்தில் இறங்கிய நஜீபுக்கோ தவணையுமில்லை, கூலியுமில்லை. அழைத்துச் சென்றவர் யாரென்றே தெரியாது.

முதலாளியின் கொடுமையை ஆசிரியர் உயிரோட்டத்துடன் தீட்டுகிறார். அதில் மூழ்கும் வாசகர், குற்றம் முழுவதையும் ஒரு கொடியவன் தலையில் சுமத்திவிடக்கூடும். நஜீப் தன் விசாவில் வந்தவனல்லன் என்பதாலேயே அவன் விட்டுச் செல்கிறான் என இறுதியில் தெரியவரும் இடமே நூலின் உயிர்நிலை. விசா அவனுடையதாயின் மீண்டும் பட்டிதான்! கொடுமை மனிதரிடம் மட்டுமன்று, ஏற்பாட்டிலும் உள்ளது. அவ்விடத்தை ஆசிரியர் விரைந்து கடந்துவிட்டார் என்பதே நம் குறை.

வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தாம்பரம் இரயில் நிலையத்தில் வந்திறங்கும் இளைஞர்கள் இன்று சேலையூரிலும் பல்லாவரத்திலும் நம் வீடுகளைக் கட்டுகின்றனர். நஜீபுக்காகக் கண்ணீர் விட்ட நாம், அவர்களிடம் தவணையையும் கூலியையும் முன்னரே பேசினோமா? நூலை மூடியபின் எழும் இக்கேள்வியே அதன் வெற்றி.