கலையும் திருக்கூத்தும்

உண்ணவும் உடுக்கவும் உறையவும் வேண்டுவன பெற்ற பின்னரும் மக்கள் அவற்றளவில் அமைவதில்லை. கல்லைச் செதுக்கி உருவம் சமைக்கின்றனர். செம்பை உருக்கி வார்க்கின்றனர். நரம்பு கட்டி இசை எழுப்புகின்றனர். இவற்றாற் பசி தீர்வதுமில்லை; குளிர் நீங்குவதுமில்லை. ஆயினும் இவை எந்நாட்டினும் எக்காலத்தும் ஒழிந்தனவல்ல. ஆகலின், கலை என்பது யாது, அதனை ஒருவர் ஆக்குவதும் பிறர் கண்டு மகிழ்வதும் எற்றுக்கு என்னும் வினா ஆராயத்தக்கதாம்.

இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இருதிறத்தர். கலை தனக்குத் தானே பயன். பிறிதொரு பயனை அதன்பால் நாடுதல் பிழை என்பார் ஒரு சாரார். கலையின்பம் புலனின்பமே, அது பாசமாகலின் வீடு வேண்டுவார்க்கு விலக்கத்தக்கது என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சைவ சித்தாந்தத்திற்கு முற்றும் உடன்பாடல்ல என்பதனைக் கூத்தப்பெருமானது செப்புத் திருமேனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் காட்டுதும்.

கலை என்னும் சொல் நம் நூல்களில் வித்தியா தத்துவங்களுள் ஒன்றன் பெயராகவும் வரும். சொல் ஒன்றாதல் பற்றிச் சிற்பம் முதலிய கலைகளையும் அத்தத்துவத்தையும் ஒன்றென மயங்குதல் கூடாது. எனினும், எடுத்த வினாவிற்கு அத்தத்துவத்தின் இயல்பு விடை தருகின்றது. ஆணவமலம் உயிரின் இச்சை அறிவு செயல்களை முழுதும் மறைத்து நிற்ப, கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் சிறிது விளக்கும். காலமும் நியதியும் அவற்றை வரையறுக்கும் என்பது நூற்றுணிபு. சிற்பி உளி பிடித்தல் செயல் விளக்கம். காண்பான் நயந்து உணர்தல் இச்சையும் அறிவும் விளங்கிய விளக்கம். இருளிற் கிடந்த உயிர், தன் ஆற்றல் ஒருசிறிது விளங்கிய அளவிலே அதனைத் தொழிற்படுத்தி மகிழ்கின்றது. ஆக்குதலும் நயத்தலும் மக்கட்கு இயல்பாயமைந்த காரணம் இதுவே. விளங்கியது சிறிதாகலின் அம்மகிழ்ச்சி முடிந்த பயன் ஆகாது. விளக்கமே ஆகலின் அது வறிதும் ஆகாது.

இனி, ஆக்குதல் விளையாட்டோ எனின், இவ்வினா இறைவன் தொழில் பற்றி முன்னரே எழுந்தது. ஐந்தொழிலுக்குக் காரணம் யாது என்னும் கடாவிற்கு விடையிறுத்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், அதனை விளையாட்டு என்று கூறினும் கூறலாம் என உடன்பட்டு, அவ்வளவில் அமையாது, உயிர்கட்குப் போகமும் வீடும் அளித்து மலத்தைத் துடைத்தற்கு எனவும் கூறியருளினார். விளையாட்டு என்றது செய்தற்கண் வருத்தமின்மையை. அருள் என்றது செய்தலின் பயனை. ஒன்றும் வேண்டாத முதல்வனது ஆக்கமே பிறர்பொருட்டாயின், குறையுடைய மனிதன் தன் ஆக்கம் தன்பொருட்டே என்பது எங்ஙனம் பொருந்தும்?

இக்கருத்தை உளத்துக்கொண்டு, திருக்கூத்தைக் கலைநோக்கால் ஆராய்ந்த கட்டுரைகளுள் தலையாயதொன்றை நோக்குவாம். ஈழத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1912 ஆம் ஆண்டிற் சித்தாந்த தீபிகையில் ஆங்கிலத்தில் வரைந்த கட்டுரையே அது. பின்னர் 1918 இல் நியூயார்க்கில் வெளிவந்த அவர்தம் நூலுக்கும் அதுவே பெயர் தந்தது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நூல்களைத் துணைக்கொண்டு அவர் மூன்று பொருள் கண்டார்: உலகின் இயக்கமனைத்திற்கும் ஊற்று அக்கூத்து, உயிர்களை மயக்கத்தின் நீக்குதல் அதன் பயன், அது நிகழும் தில்லை நெஞ்சத்துள்ளது என்பன அவை. திருவுருவை வெறும் விந்தைப்பொருளாக மதித்த மேல்நாட்டாருக்கு அதனை மெய்ப்பொருள் விளக்கமாகக் காட்டியது அவர் செய்த பேருதவி. ஆயினும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. இயக்கத்தின் ஊற்று என்பதை முதலில் நிறுத்தி அதன் பெருமையிலே அவர் நெடிது திளைத்தலின், கற்போர் பலர் அவ்வொன்றையே கைக்கொண்டு, அருட்கூத்தை அண்டத்தின் ஆற்றலுக்கு ஓர் உருவகமாகச் சுருக்கிவிட்டனர். சித்தாந்தத்தில் இயக்கம் வழி; அருளே பயன்.

பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடின் செய்தி இதனினும் வியப்புடைத்து. அவர் சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையிலுள்ள கூத்தப்பெருமான் திருமேனிகளின் நிழற்படங்களை மட்டும் கண்டு 1913 இல் ஒரு பாராட்டுரை வரைந்தார். 1917 இல் அவர் மறைந்த பின்னர் 1921 இல் அது அச்சாயிற்று. ஆகமம் அறியாதார், தமிழ் அறியாதார், நிழற்படமன்றி நேரிலும் காணாதார் ஒருவர், திருமேனியின் உறுப்புதோறும் கண் நிறுத்தி உருகினார். இது யாங்ஙனம் கூடிற்று? அவர் கண்ட அழகு பொய்யன்று. ஆயினும் ஊன்றிய திருவடியை அவர் உடலின் நிறையைத் தாங்கும் கால் என்றே கண்டிருத்தல் கூடும். உண்மை விளக்கமோ, துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், அனலில் அழிப்பும், ஊன்றிய அடியில் மறைப்பும், தூக்கிய அடியில் அருளும் காட்டுகின்றது. ஊன்றிய அடி தாங்கினாலன்றித் தூக்கிய அடி நில்லாது. சிற்பக் கண்ணுக்கு அது சமநிலை. சித்தாந்தக் கண்ணுக்கோ, மறைப்பும் அருளின் வேறன்று, மலம் பக்குவமுறும் துணையும் அருளுக்கு அதுவே நிலைக்களம் என்னும் உண்மை. இரு கண்ணும் கண்டது ஒரே வளைவு. எனவே அழகு பொருளுக்குப் பகையன்று. பொருளின் வாயிலே அழகு. ரோடின் வாயிலில் நின்றார். நின்றவரை இகழ்தல் நமக்குத் தகாது.

இனி ஒரு வன்மையான தடை. தஞ்சை மாவட்டச் சிவபுரத்தில் 1951 இல் நிலத்தினின்றும் வெளிப்பட்ட சோழர்காலக் கூத்தப்பெருமான் திருமேனி பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது களவாக மாற்றப்பட்டது. புதிதாக வார்த்த படியே கோயிலுக்குத் திரும்பிற்று. மூலமோ பல கை மாறி, 1973 இல் அமெரிக்க நாட்டு நார்ட்டன் சைமன் நிறுவனத்தாரால் விலைக்குக் கொள்ளப்பட்டு, வழக்கின்பின் 1986 இல் இந்நாட்டிற்கு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அன்பர்கள் படியையே வணங்கினர். அவ்வழிபாடு வீணாயிற்றோ? வீணன்று எனின், சிற்பியின் திறத்தாற் பயன் என்னை?

வீணாயிற்றில்லை என்பதே விடை. திருக்கோயிலும் அதன்கண் உள்ள திருமேனியும் அரனெனவே தொழத்தக்கன என்பது மெய்கண்டார் நூலின் பன்னிரண்டாஞ் சூத்திரத் துணிபு. அருள்பவன் இறைவன்; செம்பின் பழைமையன்று. அன்றியும், கோயிலில் திருமேனி பட்டும் பூவும் சூடி நிற்றலின் சிற்பியின் வேலைப்பாடு பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்தே நிற்கும். திருமுழுக்குக் காலத்தே சிறிது தோன்றும். ஆயின் சிற்பியின் திறம் வேண்டுவது இறைவனுக்கன்று, நமக்கே. புலன்வழி ஓடும் மனத்தை ஓரிடத்து நிறுத்தற்கு அளவிற் பிழையாத உருவம் பெருந்துணை. இதுபற்றியே சிற்பநூல்கள் தாளஅளவு விதித்தன. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சூட்டால் மெழுகு உருகியோட, அவ்விடத்தே செம்பை வார்த்து, பின் மண்ணை உடைத்து எடுத்தான் சிற்பி. அத்துணை உழைத்தும் தன் பெயரை அவன் பெரும்பாலும் பொறித்தானல்லன். ஆக்கியோன் செருக்கு உருகி நீங்கிய இடத்தன்றோ திருவுருவம் நிறைந்தது!

மற்றொன்றும் ஈண்டு உணரற்பாலது. சிவபுரத்தில் நிற்பது படியே என்பதனை 1965 இல் தம் நூலில் வெளிப்படுத்தியவர் சோழர்காலச் செப்புருவங்களை ஆராய்ந்த பாரெட் என்னும் ஆங்கிலேயர். அன்பு படியினிடத்தும் இறைவனைக் கண்டது. கலையறிவு மூலத்தின் களவைக் கண்டது. அன்பருக்குக் கலையறிவும் உண்டாயிருப்பின், களவு தொடக்கத்திலேயே வெளிப்பட்டிருக்கும். திருமேனியின் அழகை நோக்குதல் பத்திக்குக் குறைவு என்று கருதி நாம் கண்மூடிய இடத்தே கள்வர் கண் விழித்தனர். இது நாம் நாணத்தக்கது.

ஆகலின் முடிபு இது. மாயையின் காரியங்கள் விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வன என்பது உமாபதி சிவனார் காட்டிய உவமை. கலையும் அத்தகையதே. விளக்கையே விடியல் என்பார் முதற் சாரார். விடியல் வேண்டி விளக்கை நள்ளிரவில் அவிப்பார் இரண்டாஞ் சாரார். விளக்கை ஏந்தி, அதன் ஒளியில் வழிகண்டு நடப்பதே நம்மனோர் கடன். கூத்தப்பெருமான் திருமேனியைக் காணுந்தோறும், கண் நிறைய அழகைக் காண்க. அவ்வழகின் வழியே ஊன்றிய அடியின் மறைப்பையும் தூக்கிய அடியின் அருளையும் உணர்க. உணர்ந்தபின் கைகள் தாமே குவியும்.

திருச்சிற்றம்பலம்.